கடலைக் கொல்லையில் ஊடுபயிரும் பூச்சிக் காவலும்

நம் வட்டாரத்துப் புன்செய்க் குடியானவர் ஆடிப்பட்டத்தில் தம் கைமுதலின் பெரும்பகுதியை ஓரிரு நாட்களிலேயே மண்ணில் இட்டுவிடுகின்றார். ஓர் ஏக்கர் நிலக்கடலை விதைப்பதற்கு 50 முதல் 55 கிலோ வரை பருப்பு வேண்டும். கம்புக்கோ, எள்ளுக்கோ, கேழ்வரகுக்கோ விதைச் செலவு இவ்வளவு இல்லை. சங்கத்தில் பெறும் பயிர்க்கடனில் கணிசமான பங்கு விதைக் கடலைக்கே போய்விடுகின்றது. முளைத்து இரண்டு மூன்று இலை விட்ட பயிரைக் கம்பளிப்புழு மேய்ந்துவிடுமாயின் விதை போயிற்று. மறுவிதைப்புக்குள் பட்டமும் தவறிப் போயிற்று. கடன் மட்டும் பேரேட்டில் நிற்கும். ஆகையால் கடலையில் பூச்சிக் கட்டுப்பாடு என்பது மகசூலைக் கூட்டுவதற்கான வழி என்பதைவிட, இட்ட முதலைக் காப்பதற்கான வழி என்று கொள்ளுவதே பொருந்தும்.

ஊடுபயிரால் பூச்சியை அடக்கலாம் என்று அண்மைக்காலமாகப் பலரும் பேசிவருகின்றனர். உருளைக்கிழங்கு வயல்களில் வெங்காயம், பூண்டு முதலியவற்றை ஊடே நட்டுப் பூச்சியைக் குறைக்கும் செய்தியைப் படித்த அங்கத்தினர் சிலர், அம்முறை நமக்கும் உதவுமா என்று வினவுகின்றனர். உருளைக்கிழங்கு நீலகிரிக்கும் கோடைக்கானல் மலைக்கும் உரிய பயிர். அதன் தொல்லைகளும் அம்மலைகளுக்கே உரியவை. கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சி 1906-ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு இந்நாட்டில் புகுந்தது. நீலகிரி மண்ணில் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது 1961-இல் கண்டறியப்பட்டது. திருக்கோகர்ணத்தைச் சுற்றியுள்ள செம்மண்ணிலும் சரளை நிலத்திலும் அக்கிழங்கை நாம் பயிரிடப் போவதில்லை. ஆயின் கருத்து ஒன்றே. நமக்கு வாய்த்த பயிர் கடலை. கடலையில் இக்கருத்து தமிழ்நாட்டு மண்ணிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிப் பரிந்துரையிலும் இடம்பெற்றுள்ளது. எனவே மலைக்குச் செல்லாமல் நம் கொல்லையிலேயே நின்று பேசுவோம்.

ஊடுபயிர் நமக்குப் புதியதன்று. கடலைக்கு இடையில் துவரைச் சால் விடுவதும், வரப்போரம் ஆமணக்கு ஊன்றுவதும், கம்போடு தட்டைப்பயறு கலப்பதும் முன்னோர் கைக்கொண்ட வழக்கமே. அவர்கள் அதைப் பூச்சிக்கென்று செய்தார்களா, ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்று செய்தார்களா என்று இப்போது ஆராய்வதில் பயனில்லை. இரண்டும் நடந்தன என்பதே போதும். பின்னர்த் தூவும் மருந்துகள் வந்தன. பி.எச்.சி. என்னும் வெள்ளைப் பொடியைக் கடலைக் கொல்லையில் மூட்டை மூட்டையாகத் தூவிய காலம் ஒன்றுண்டு. மூத்த அங்கத்தினர் பலருக்கு அதன் நெடி இன்னும் நினைவிருக்கும். டி.டி.டி. வேளாண்மையில் பயன்படுவது 1989-இல் நிறுத்தப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் தடைசெய்யப்பட்டது, எண்டோசல்பான் 2011-இல் உச்சநீதிமன்ற ஆணையால் நின்றது. ஒவ்வொரு மருந்தும் வரும்போது பூச்சியை ஒழித்துவிடும் என்றே வந்தது. ஒழிந்தவற்றுள் பூச்சியைத் தின்னும் பூச்சிகளே அதிகம். புரோடீனியா என்று நாம் வழங்கும் வெட்டுப்புழு பற்பல மருந்துகளுக்கு அடங்காமல் இன்றும் நம்மோடு இருக்கின்றது. எளிய வரிசைப்பயிர் எந்தச் சந்தடியுமின்றிச் செய்துவந்த வேலையைத் திரும்ப நினைக்க வேண்டியதாயிற்று.

ஒரே பயிர் பரந்து நிற்கும் நிலத்தில் அப்பயிரை உண்ணும் பூச்சி ஏன் பெருகுகின்றது? அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு ரூட் என்பவர் முட்டைக்கோசின் இனத்தைச் சார்ந்த கீரை ஒன்றைத் தனிப்பாத்தியாகவும், பல செடிகள் மண்டிய புல்வெளியின் நடுவே வரிசையாகவும் வளர்த்து ஒப்பிட்டு, 1973-இல் தம் முடிவை வெளியிட்டார். தனிப்பாத்தியில் இலையைத் துளைக்கும் வண்டுகள் மிகுந்திருந்தன. உணவு ஓரிடத்தில் குவிந்திருந்தால் தேடிவரும் பூச்சி எளிதில் கண்டுகொள்ளுகின்றது. வந்தது அங்கேயே தங்கிப் பெருகுகின்றது. வேறு செடிகள் இடையிட்டு நின்றால் மணமும் நிறமும் கலந்து அதற்கு வழி குழம்புகின்றது. சந்தையில் ஒரே பண்டம் விற்கும் தெருவைத் தேடிப் போவதற்கும், ஊரெல்லாம் சிதறிய கடைகளுள் ஒன்றைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

ஆனால் ஊடுபயிர் எதுவாயினும் பூச்சி குறையும் என்று எண்ணிவிடலாகாது. டேவிட் ஆண்டோ என்னும் ஆய்வாளர் 1991-இல், அதுவரை உலகெங்கும் நடந்த 209 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். அவற்றில் வரும் 287 வகைத் தின்னிப் பூச்சிகளுள் ஏறத்தாழ 52 விழுக்காடு கலப்புப் பயிரில் குறைந்திருந்தன. ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியிருந்தன. எஞ்சியவை வேறுபாடின்றியோ இடத்துக்கு இடம் மாறியோ காணப்பட்டன. பாதிக்குப் பாதி பலன் என்பது நல்ல கணக்கே. ஆயினும் கூடிய அந்தப் பதினைந்தில் நம் பூச்சியும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பூச்சிக்கு எந்தப் பயிர் என்பதை அறிந்தே விதைத்தல் வேண்டும்.

கடலையின் பகைவருள் முதலில் கூறவேண்டியது சிவப்புக் கம்பளிப்புழு. இதன் வாழ்க்கையை அறிந்தவருக்கே இதை வெல்லும் வழி புலப்படும். ஆண்டில் பெரும்பகுதி இப்பூச்சி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வரப்போரத்திலும் மரத்தடியிலும் ஒரு சாணோ அதற்குக் குறைவோ ஆழத்தில் கூட்டுப்புழுவாக உறங்கிக்கிடக்கும். முதல் பெருமழை பெய்து மண் நனைந்ததும், அதற்கெனவே காத்திருந்ததுபோல் அந்திப்பொழுதுக்குப் பின் அந்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வெளிப்படுகின்றன. ஒரு பெண் அந்து அறுநூறு எழுநூறு முட்டைகளை இலையின் அடியில் குவியலாக இடும். மூன்று நாளில் குஞ்சுகள் பொரிக்கும். முதல் சில நாட்கள் அவை கூட்டமாக இருந்து இலையின் அடிப்பசுமையைச் சுரண்டும். பின்னரோ கலைந்து, வளர்ந்து, செம்பழுப்பு மயிரோடு ஒரு கொல்லையை முடித்து அடுத்த கொல்லைக்கு அணிவகுத்துச் செல்லும். அப்போது மருந்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஆகவே வெல்லுவதற்குரிய காலம் முட்டையும் குஞ்சுமாக இருக்கும் ஒரு வாரந்தான்.

அந்த ஒரு வாரத்தில் முட்டை எங்கிருக்கின்றது என்று ஏக்கர் முழுதும் கடலைச் செடியைப் புரட்டிப் பார்ப்பது யாரால் இயலும்? இங்குதான் தட்டைப்பயறும் துவரையும் கைகொடுக்கின்றன. இவற்றின் இலையில் முட்டையிடுவதில் இவ்வந்துக்கு விருப்பம் அதிகம். தட்டைப்பயறு கடலைக்கு முந்தி முளைத்து அகன்ற இலை விடுவது; ஆகையால் மழைக்குப் பின் வரும் அந்துக்குக் கண்ணில் படும் முதற் செடி அதுவே. கடலை வரிசைகளுக்கிடையே இடைவிட்டு இதனை ஊன்றிவைத்தால், முட்டைக் குவியலும் இளம்புழுக் கூட்டமும் பெரும்பாலும் அவ்வரிசையில் கிடைக்கும். மெல்லிய வலைபோல் வெளுத்த இலை எதுவோ அதுவே புழுக்கூட்டம் இருக்கும் இடம். அவ்விலையை மட்டும் கிள்ளி, மண்ணெண்ணெய் சிறிது கலந்த நீரில் இட்டுவிடல் வேண்டும். ஓர் ஆள் காலை வேளையில் ஏக்கர் முழுதும் வரிசை பார்த்து வந்துவிடலாம்.

தட்டைப்பயற்றில் ஒரு குறையும் உண்டு. அசுவினி அதனை மிகவும் விரும்பும். அந்தக் கருநிற அசுவினியே கடலையையும் தாக்குவது. இதைக் கண்டு அஞ்சி உடனே மருந்தடிப்பவர் பலர். சற்றே பொறுத்திருந்து இலையைப் பார்த்தால், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் அவற்றின் முதலைபோன்ற சிறு புழுக்களும் அங்கேயே குடியேறியிருப்பதைக் காணலாம். பொறிவண்டுக்கு இரை வேண்டுமன்றோ? அளவாக உள்ள அசுவினி அவ்வண்டுகளை நம் கொல்லையில் இருத்திவைக்கும் கூலி என்று கொள்ளலாம். கட்டுமீறினால் அச்செடிகளை மட்டும் பிடுங்கிவிடுவது மேல்.

பருத்தி நூலை நம்பி வாழும் நெசவாளர் அன்பர்கள் இதே செய்தியைப் பருத்திக் காட்டிலும் காணலாம். பருத்தியின் இடையே தட்டைப்பயறு விதைப்பதன் நோக்கம் பொறிவண்டை வளர்த்துப் பருத்தி அசுவினியை அடக்குவதேயாகும். ஓரத்தில் ஆமணக்கு வைப்பது வெட்டுப்புழுவுக்காக. 2002-இல் பி.டி. பருத்தி வந்தபின் இவ்வழக்கங்கள் மங்கின. காய்ப்புழுக்களுள் ஒன்றான இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்பருத்தியையும் தாங்கிப் பழகிவிட்டபின், பழைய வழக்கங்களைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கின்றது.

இனி, சுருள்பூச்சி. கம்பளிப்புழு மழையின் பூச்சி என்றால் இது வறட்சியின் பூச்சி. மழை விட்டு வெயில் ஏறும் நாட்களில், சாம்பல் நிறமுள்ள மிகச் சிறிய அந்து கடலை இலையின் அடியில் முட்டையைத் தனித்தனியாக இடும். புழு முதலில் இலையின் இரு தோல்களுக்கிடையே புகுந்து பச்சையத்தைத் தின்னும். இலைமேல் பழுப்புப் புள்ளி தோன்றும். சற்று வளர்ந்ததும் வெளிவந்து, இலைகளை நூலால் ஒட்டி மடித்து, அம்மடிப்புக்குள் இருந்தே தின்னும். முட்டை முதல் அந்து வரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆதலின் கடலை முற்றுவதற்குள் மூன்று தலைமுறைகள் வரை தோன்றிவிடலாம். தொலைவிலிருந்து பார்த்தால் கொல்லையே தீயில் கருகியதுபோல் இருக்கும். மடிப்புக்குள் இருக்கும் புழுமேல் தெளிக்கும் மருந்து எளிதில் படுவதில்லை என்பதே இதில் உள்ள இடர்ப்பாடு.

இப்பூச்சிக்குப் பல்கலைக்கழகம் கூறும் ஊடுபயிர் கம்பு. நான்கு வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு என்பது கணக்கு. கம்பு இருவகையில் உதவுகின்றது. அந்து மெலிந்தது, நெடிது பறக்க மாட்டாதது. உயர்ந்து நிற்கும் கம்பு வரிசை அதற்கு ஒரு தட்டியாக நின்று, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவுவதைத் தடுக்கின்றது. இரண்டாவது உதவி இதினும் பெரிது. சுருள்பூச்சியின் புழுவைத் தேடி மடிப்புக்குள் சென்று, அதன் உடலில் முட்டையிட்டுக் கொல்லும் சிறுகுளவிகள் உண்டு. கோனியோசஸ் என்பது அவற்றுள் ஒன்று. கம்பு ஊடுபயிராக நின்ற கடலையில் இக்குளவியால் அழிந்த புழுக்கள் தனிக்கடலையில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தன என்று தமிழகத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கம்பின் பூந்தாது பொறிவண்டுக்கும் கண்ணாடிச் சிறகுப்பூச்சிக்கும் உணவாவதும் அறிந்த செய்தி. மருந்து புகாத மடிப்புக்குள் குளவி புகுகின்றது. தத்துப்பூச்சியும் இலைப்பேனும், இலைப்பேனால் பரவும் மொட்டுக்கருகல் நோயும் கம்பு கலந்த கொல்லையில் குறைவதுண்டு. அவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

"ஐந்தில் ஒரு வரிசையைக் கம்புக்குக் கொடுத்துவிட்டால் கடலை குறையாதா?" என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும் கூட. கணக்கிட்டுப் பார்ப்போம். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் ஏறத்தாழ 63½ மீட்டர். 30 செ.மீ. இடைவெளியில் ஏறத்தாழ 210 வரிசைகள் அமையும். அவற்றுள் 42 வரிசைகள் கம்புக்குப் போகின்றன. அதனால் விதைக் கடலையில் 10 கிலோ மிச்சமாகின்றது. கம்பு விதையோ அரைக் கிலோவுக்குள் அடங்கும். மிச்சமாகும் 10 கிலோவின் விலை விதைக்கும் நாளிலேயே கையில் நிற்கின்றது. கம்புத் தானியமும் தட்டையும் பிற்பாடு வரும். தட்டை மாட்டுக்கு ஆகும். பூச்சி மிகுந்த ஆண்டில் இக்கணக்கு ஐயமின்றி ஊடுபயிருக்கே சாதகம். பூச்சி குறைந்து மழை நன்கு பெய்த ஆண்டில், தனிக்கடலை விதைத்தவர் சற்றுக் கூடுதலாகவே எடுப்பார், அதை மறைப்பதற்கில்லை. வானம் பார்த்த நிலத்தில் இருப்பவருக்கு எந்த ஆண்டு எது வரும் என்பது விதைக்கும்போது தெரியாது. அந்த நிலையில் இந்த ஐந்தில் ஒன்றை ஒரு காப்புத்தொகையாகக் கருதுவதே எம் கருத்து. அதுவும் கூடாது என்பவர் ஆறு வரிசைக்கு ஒன்றாக விடலாம்; அப்போது கம்புக்குப் போவது ஏழில் ஒன்றே.

கம்பு விதைப்பதில் கவனிக்க வேண்டியவை சில. கடலை விதைக்கும் நாளிலேயே கம்பையும் விதைத்துவிட வேண்டும். பிந்தினால் கடலை கவிந்து கம்பை நசுக்கிவிடும். அடர்த்தியாக முளைத்ததைக் கலைத்துவிட வேண்டும். இல்லையேல் நிழலும் வேரும் கடலையை வருத்தும். கம்பு 85 முதல் 95 நாட்களில் முற்றும். கடலை 105 நாட்களுக்கு மேல் நிற்கும். ஆதலின் கதிரை முதலில் கொய்து, தட்டையை அறுத்து, பின்னர்க் கடலையைப் பறிப்பதில் இடையூறு இல்லை. கதிர் முற்றும் காலத்தில் கிளியும் குருவியும் வரும். கரிச்சானும் மைனாவும் கூட வரும். இவை கம்புத்தட்டையில் அமர்ந்து கடலையில் உள்ள புழுவைக் கொத்தும். வரவு செலவு ஒத்துப்போகும் என்று விட்டுவிடலாம். மயிலை மட்டும் இக்கணக்கில் சேர்ப்பதற்கில்லை. விராலிமலையின் பெருமை மயில் என்பது உண்மையே. ஆயினும் விதைத்த கடலையைக் கிளறும் மயிலை விரட்ட எந்த ஊடுபயிரும் இதுவரை அகப்படவில்லை.

மூன்றாவது பூச்சி புரோடீனியா வெட்டுப்புழு. இதற்குரிய பயிர் ஆமணக்கு. கொல்லையைச் சுற்றி வரப்போரத்திலும், இறைவைக் கடலையாயின் வாய்க்கால் ஓரத்திலும் ஆமணக்கை ஊன்றிவைத்தல் வேண்டும். தாய் அந்து ஆமணக்கின் பேரிலையைத் தேடிச்சென்று, நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரு குவியலாக இட்டு, பழுப்பு மயிரால் மூடிவைக்கும். குஞ்சுகள் வெளிவந்த சில நாட்கள் அவ்விலையிலேயே கூட்டமாக இருந்து சுரண்டும். இலை சல்லடைபோல் ஆகும். அது நடந்துபோகும் கண்ணுக்கே தெரியும். அந்த இலையைப் பறித்து அழித்தால் நூற்றுக்கணக்கான புழு ஒரே கையில் போயிற்று. பறிக்காமல் ஒரு வாரம் விட்டுவிட்டால் அவை கலைந்து, பகலில் மண்ணிடுக்கில் ஒளிந்து, இரவில் கடலையை மேயும்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆமணக்கு பூச்சியைக் கொல்லுவதில்லை. அழைத்துத் தருவது மட்டுமே அதன் வேலை. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவந்து இலை பறிக்காதவருடைய ஆமணக்கு, அவர் கடலைக்கும் அண்டைக் கொல்லைக்கும் புழு வளர்த்துத் தரும் பண்ணையாகிவிடும். அத்தகையவர் ஆமணக்கு வைக்காமலிருப்பதே அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் உபகாரம். தானே கொல்லும் கவர்ச்சிப் பயிரும் உலகில் இல்லாமலில்லை. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில், மக்காச்சோளத்தைத் துளைக்கும் தண்டுத்துளைப்பானை அடக்க 1990-களில் ஒரு முறையை வகுத்தனர். சோளத்துக்கிடையே டெஸ்மோடியம் என்னும் பயறினச் செடி. அதன் மணம் அந்துக்கு ஆகாது. வயலைச் சுற்றி நேப்பியர் புல். அது அந்தை ஈர்க்கும். புல்லைத் துளைக்கப் புகும் புழு அதிலிருந்து கசியும் பசையில் சிக்கிப் பெரும்பாலும் மடிந்துவிடும். உள்ளிருந்து தள்ளுவது ஒன்று, வெளியிலிருந்து இழுப்பது ஒன்று. நமக்கு வாய்த்த ஆமணக்குக்கு அப்பசை இல்லை. நம் கையே பசையாக வேண்டும்.

ஒரு பயிர் ஒரு பூச்சிக்கு மருந்தாகவும் மற்றொரு பூச்சிக்கு விருந்தாகவும் இருப்பதுண்டு. துவரை கம்பளிப்புழுவின் முட்டையைத் தன்பால் வாங்கிக்கொள்ளும். ஆயின் சுருள்பூச்சிக்கும் துவரையில் வாழ இடமுண்டு. பூக்கும் காலத்தில் பச்சைக் காய்ப்புழுவையும் அது கூட்டிவரும். சோயாமொச்சையோ சுருள்பூச்சிக்கு மிகவும் உகந்தது. கடலையோடு அதைச் சேர்ப்பதும், கடலைக்கு முன்னும் பின்னும் விதைப்பதும் தகாது. ஆகவே ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கொல்லையில் சென்ற சில ஆண்டுகளாக மிகுதியும் வருத்துவது எது என்று நினைவுகூர்ந்து தேர்ந்துகொள்ளல் வேண்டும். ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலைக்குத் தட்டைப்பயறும் கம்பும் ஒருங்கே பொருந்தும். மார்கழி, தை மாதத்து இறைவைக் கடலைக்கு வாய்க்காலோர ஆமணக்கு முதன்மையானது. ஆலங்குடிப் பக்கம் வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையமும் நமக்குக் கூப்பிடு தொலைவில் இருப்பவை. தட்டைப்பயற்றிலும் துவரையிலும் எந்த இரகம் நம் மண்ணுக்கு ஏற்றது என்பதை அங்குக் கேட்டறிதல் எளிது.

ஊடுபயிருக்கு எட்டாத பகையும் உண்டு. மண்ணுக்குள் வேரைக் கடிக்கும் வெள்ளை வேர்ப்புழுவுக்கும், காயைத் துளைக்கும் கரையானுக்கும் மேலே நிற்கும் கம்பு ஒன்றும் செய்வதில்லை. வேர்ப்புழுவின் தாய்வண்டு முதல் மழைக்குப் பின் மாலையில் வேம்பிலும் முருங்கையிலும் வந்து மொய்க்கும்; கிளையை உலுக்கி வீழ்த்திப் பொறுக்குவதே வழி. கோடையுழவு இரண்டுக்கும் உதவும். புரட்டிய மண்ணில் வெளிப்படும் கம்பளிப்புழுக் கூட்டையும் வேர்ப்புழுவையும் வெயிலும் பறவையும் பார்த்துக்கொள்ளும். ஊடுபயிர் இருந்தும் புழு கட்டுக்கு மீறுமாயின் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டர் நீராகச் சேர்த்து, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தல் வேண்டும்.

இக்காலத்துக்கே உரிய ஓர் இடையூறும் உண்டு. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை என்பதால் பலர் கடலையில் களைக்கொல்லி தெளிக்கின்றனர். பயிர் முளைத்தபின் கடலையில் தெளிக்கும் களைக்கொல்லிகள் புல்லினத்தை அழிப்பவை, கம்பும் புல்லினமே. கம்பு ஊடுபயிராக விட்ட கொல்லையில் அம்மருந்து பட்டால் களையோடு கம்பும் கருகிவிடும். எனவே கம்பு விதைப்பவர் இரண்டு கைக்களைக்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டே விதைக்க வேண்டும். அது இயலாதவர் தட்டைப்பயற்றோடும் ஓரத்து ஆமணக்கோடும் நின்றுகொள்ளலாம். களைக்கொல்லி வாங்குமுன் அதன் உறையில் எந்தெந்தப் பயிருக்கு ஆகும் என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுதல் நலம்.

இதுவரை கூறியவை ஒருவர் தம் கொல்லையில் தனியே செய்யத்தக்கவை. கம்பளிப்புழு விஷயத்தில் தனியே செய்வது பாதி வேலைதான். பத்துக் கொல்லைகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் தட்டைப்பயறு இட்டு இலை கிள்ளினால், மற்ற ஒன்பதில் வளர்ந்த புழு பதினைந்தாம் நாள் அவர் வரப்பை ஏறிவரும். அப்போது கொல்லையைச் சுற்றி ஓரடி ஆழமும் சற்றேறக்குறைய முக்காலடி அகலமுமாகச் செங்குத்தான கரைகளோடு அகழி வெட்டி, விழும் புழுவை அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதற்குப் பதிலாக ஒரு வாய்க்காலையோ ஒரு கண்மாய்ப் புறத்தையோ சார்ந்த கொல்லைக்காரர் அனைவரும் சேர்ந்து, முதல் மழை இரவுகளில் ஏழு மணி முதல் பதினொரு மணி வரை விளக்குப்பொறி வைத்து அந்தைப் பிடித்து, மறுவாரம் ஒரே நாட்களில் தட்டைப்பயற்று இலையைக் கிள்ளினால் அகழிக்கு வேலை இராது. முன்னாளில் கொல்லைமேட்டில் தீ மூட்டியதும் இதற்கே. பழைய வண்டிச் சக்கர ரப்பரைக் கொளுத்தும் வழக்கம் மட்டும் வேண்டா; அந்தப் புகை நம் மூச்சுக்கே கேடு. விளக்கின் அடியில் அகன்ற பாத்திரத்தில் மண்ணெண்ணெய் கலந்த நீர் வைத்தால் போதும்.

சங்கங்கள் இதில் செய்யக்கூடியது எளியது. விதைக்கடலை வாங்கித் தரும்போதே ஏக்கருக்கு அரைக் கிலோ கம்பும், வரிசைக்கு வேண்டிய தட்டைப்பயறும், ஓரத்துக்கு ஒரு கைப்பிடி ஆமணக்கும் ஒரே பொட்டலமாகச் சேர்த்துத் தரலாம். தனித்தனியே சந்தையில் தேடச் சொன்னால் தேடுபவர் சிலரே. விளக்குப்பொறி சிலவற்றைச் சங்கமே வாங்கி வைத்து, மழை பெய்த மறுநாள் முறைவைத்து அனுப்பலாம். ஆண்டில் பத்து நாட்களுக்குத் தேவைப்படும் பொருளை வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண். பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் அடங்கல் பெறும் அங்கத்தினர், முதன்மைப் பயிர் நிலக்கடலை என்றும் கம்பும் பயறும் ஊடுபயிர் என்றும் தெளிவாகப் பதியுமாறு கிராம நிர்வாக அலுவலரிடம் அப்போதே கூறிவிடல் வேண்டும். கலப்புப் பயிர் என்று பொதுப்பட எழுதிவிட்டால் பின்னர் இழப்பு நேரும்போது வீண் கேள்விகள் எழலாம்.

ஆமணக்கும் துவரையும் கடலை பறித்த பின்னும் நிற்கும். பறிப்பு முடிந்ததும் ஆமணக்கைச் சுற்றிப் பார்த்து, புழு கண்ட இலைகளை ஒருமுறை முற்றக் கழித்துவிட்டால், அடுத்த தைக்கடலைக்கு அங்கிருந்து அந்து எழாது. முத்து முற்றியவுடன் பறித்துச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் அடுத்த ஆடிக்கு வேண்டிய ஓர விதை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கம்பு விதையையும் தட்டைப்பயற்று விதையையும் ஆனி முடிவதற்குள் வாங்கி வைத்துக்கொள்ளல் வேண்டும்; மழை விழுந்தபின் விதை தேடினால் கடலை முந்திவிடும்.